முடுக்கத் திணறல்: ஒரு தர்க்க விசாரணை

நின்ற இடத்தில் சாதுவாக உறுமிக்கொண்டிருந்து, கைப்பிடியை முறுக்கி 'ஓடு' என்று கட்டளையிட்ட மாத்திரத்தில் விக்கி, இருமி, முன்னும் பின்னுமாகக் குலுங்கி, ஏறியிருப்பவரின் மானத்தை நடுத்தெருவில் வாங்கிவிடும் மோட்டார் சைக்கிளின் வியாதியைக் குறித்து இதுகாறும் முறையான சாஸ்திரம் எதுவும் இயற்றப்படாதது பெருங்குறையே ஆகும். யானைக்குப் பாலகாப்பியரும் குதிரைக்குச் சாலிஹோத்திரரும் வைத்திய நூல் செய்தனர் என்பது பரம்பரை. அவ்விரு வாகனங்களையும் ஆண்டவர் அரசர் சிலரே. இன்றைய வாகனத்தை ஆள்வோரோ தெருவுக்கு நூறு பேர். ஆயினும் அதன் நோய்க்கூறுகள் டீக்கடை வாய்மொழியாகவே வழங்கி வருகின்றன. அவற்றைத் தொகுத்து, தர்க்க முறைப்படி சோதித்து, ஒரு சித்தாந்தத்தை நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக் களமாகப் பம்பாயின் தாராவியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குடியேறிய தமிழர் வாழும் அவ்விடத்தில், ஊர் உறங்கும் நேரத்திலேயே இட்லிக் கொப்பரைகள் அடுப்பேறிவிடும். பொழுது புலருமுன் அலுமினியப் பாத்திரங்களும் சட்னித் தூக்குகளும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறி, மாதுங்கா, செம்பூர் முதலிய திக்குகளை நோக்கிப் புறப்பட்டுவிடும். ஆகவே ஒரு வண்டி சயான் மேம்பாலத்து ஏற்றத்தில் திணறி நின்றால், அது ஒருவருடைய சொந்தச் சங்கடமாக நில்லாமல், ஆபீசுக்குப் புறப்படும் பலருடைய காலைப்பசியைத் தொடும் பொது விவகாரமாகிறது. அவ்வண்டியைத் தள்ளிக்கொண்டு 90 அடி ரோட்டுக்குத் திரும்பிவிட்டாலோ, அதைச் சூழ்ந்து பண்டித சபை கூடுவதற்கு அரை நிமிஷம் போதும்.

முதலில் பொருளின் இலக்கணம். டாங்கிலுள்ள பெட்ரோல், அடியிலுள்ள 'பெட்ரோல் காக்' வழியாகத் தன் பாரத்தினாலேயே இறங்கி, ரப்பர் டியூபைக் கடந்து, கார்ப்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் தங்குகிறது. அங்கிருந்து அதை மேலே தூக்குவது காற்று. வேகமாக ஓடும் பாய்பொருளில் அழுத்தம் குறையும் என்று 1738-இல் தம் நூலில் எழுதிய பெர்னூலியோ, அத்தத்துவத்தைக் கொண்டு பெட்ரோலைத் தூவும் கார்ப்பரேட்டரை 1893-இல் சமைத்த மேபாக்கோ, தங்கள் கண்டுபிடிப்பு ஒருநாள் இட்லி சுமக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். குறுகிய கழுத்தில் காற்று விரைகிறது, அழுத்தம் தாழ்கிறது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துவாரமுள்ள ஜெட் வழியாகப் பெட்ரோல் எழும்பி, ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்னும் எடைக் கணக்கை ஒட்டிக் கலக்கிறது. சும்மா நிற்கும் வண்டிக்குப் பைலட் ஜெட் ஒன்றே போதும். பாதி முறுக்கில் ஊசி ஆட்சி செய்யும். முழு முறுக்கில் மெயின் ஜெட் ஆட்சி செய்யும். எனவே திணறல் எந்த முறுக்கில் தோன்றுகிறது என்பதைக் குறித்துக்கொண்டவன் பாதி வைத்தியன்.

நிற்க. சபையின் அபிப்பிராயங்களைப் பூர்வபக்ஷமாக எடுத்துக்கொள்வோம். அவை மூன்று மதங்களாகப் பிரியும். 'பிளக்கைக் கழற்று' என்போர் ஒரு சாரார். எந்த நோய்க்கும் அவர்களுக்கு மருந்து அதுவே. 'பெட்ரோலில் தண்ணீர்' என்போர் இரண்டாம் சாரார். இவர்கள் பங்க்காரர் மீது தீராத சந்தேகம் கொண்டவர்கள். 'கார்ப்பரேட்டரில் கச்ரா' என்போர் மூன்றாம் சாரார். கச்ரா என்பது தூசுதும்புக்குப் பம்பாய்த் தமிழரும் வழங்கும் பெயர். இவர்கள் தர்க்கித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் டாங்கைத் தட்டுவார். மற்றொருவர் வண்டியை இடப்புறம் சாய்த்து நிமிர்த்துவார். இன்னொருவர் டாங்குக்குள் வாயை வைத்து ஊதுவார். பிறகு உதைத்தால் வண்டி கிளம்பிவிடும்! கடைசியாகக் கைவைத்தவருக்கு அன்று முதல் அத்தெருவில் நிபுணர் பட்டம் நிலைத்துவிடும்.

இதைக் காகதாலீய நியாயம் என்பர் நம் முன்னோர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உண்மை யாதெனில், டாங்கிலிருந்து வரும் தாரை மெலிந்திருக்கும் வண்டியில், ஓடும்போது மிதவைக் கிண்ணம் வற்றுகிறது. நின்றிருக்கும் சில நிமிஷங்களில் அது சொட்டுச் சொட்டாக மறுபடி நிறைகிறது. தட்டினாலும் ஊதினாலும் சண்டையிட்டாலும் அது நிறையத்தான் செய்யும். கிளம்பிய வண்டி ஒரு பர்லாங் ஓடி மறுபடி விக்குவதே இதற்குச் சான்று. மின்சாரக் கோளாறோ, பெரும்பாலும் வெட்டினாற்போல வந்து வெட்டினாற்போலப் போகும். மெல்ல இளைத்து, ஓய்வு கொடுத்தால் தேறி, ஏற்றத்தில் மறுபடி இளைப்பது பெட்ரோல் வறட்சியின் லட்சணம்.

இனி அனுமானப் பிரமாணம். மலைமேல் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது தார்க்கிகர்களின் பழைய உதாரணம். நம் ஆராய்ச்சியிலோ நெருப்பு உண்டென்பது முன்னமே தெரிந்தது; புகையின் நிறமே ஹேது. புகை கறுத்து, பிளக்கிலும் கரி படிந்திருந்தால் அங்கே பஞ்சம் இல்லை, மிகுதியே உண்டு. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். பிளக் நுனி வெளுத்திருந்தால் வறட்சியை ஊகிக்கலாம். இதனினும் நுட்பமானது, காற்றின் வழியைக் குறுக்கும் சோக்கைக் கொண்டு செய்யும் சோதனை. அதை ஐந்து அவயவங்களாக அமைப்போம். 'இவ்வண்டியில் பெட்ரோல் வறட்சி உண்டு' என்பது பிரதிஞ்ஞை. 'சோக்கை இழுத்தவுடன் திணறல் தணிவதால்' என்பது ஹேது. 'எங்கெங்கே சோக்கினால் திணறல் தணிகிறதோ அங்கங்கே வறட்சி உண்டு, மச்சான் வண்டியில் கண்டதுபோல' என்பது உதாஹரணம். 'இவ்வண்டியும் அத்தகையதே' என்பது உபநயம். 'ஆதலின் இதிலும் வறட்சி உண்டு' என்பது நிகமனம்.

பார்வைக்கு அழகாக இருப்பினும் இதில் ஹேத்வாபாசம் என்னும் போலிக் காரணம் ஒளிந்திருக்கிறது. சோக்கினால் திணறல் தணிவது, காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை என்பதை மட்டுமே காட்டும். பெட்ரோல் குறைந்ததாலும் அந்நிலை வரலாம். கார்ப்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்துக் கள்ளக்காற்று நுழைந்ததாலும் வரலாம். ஒரே ஹேது இரண்டு காரணங்களிலும் காணப்படுவதால் இது அநைகாந்திகம் என்னும் குற்றத்திற்கு ஆளாகிறது. ரப்பரில் வெடிப்பைக் கண்டு அதை மாற்றாமல் ஜெட்டை நான்கு முறை கழற்றிச் சுத்தம் செய்வோர், தர்க்கம் படியாததன் பலனை அனுபவிப்பவர்களே.

அடுத்த பிரமாணம் ஆப்தவாக்கியம். இட்லி அவிக்கும் மூதாட்டி ஒருவர், தாமதத்தால் ஆறிக்கொண்டிருந்த பாத்திரத்தைத் துணியால் மூடியபடியே, 'டாங்குல பெட்ரோல் நெறைய இருக்கு, டியூப்ல வரவும் செய்யுது, பெறவு ஏன் நிக்கின்னுதான் தெரியல' என்று தலையைச் சொறிந்த மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னது இது: 'ஏய்யா தம்பி, ஏரியெல்லாம் நெறைஞ்சிட்டுன்னு பேப்பர்ல போட்டுட்டா எங்கொடம் நெறைஞ்சிருமாக்கும்? தண்ணி வருதான்னு பாக்காதப்பா. கொடம் எம்புட்டு நேரத்துல நெறையுதுன்னு பாரு.'

நகரசபைக் குழாய் வரும் குறுகிய நேரத்துக்குள் குடங்களை நிரப்பி வாழ்ந்தவருக்கு அன்றி இந்த ஞானம் பிறருக்கு எளிதில் வாய்க்காது. பம்பாய்க்கு நீரூட்டும் ஏரிகள் ஏழு. அவை நிரம்புவதை மழைக்காலந்தோறும் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. பெட்ரோலுக்கும் அதே கதிதான். செம்பூரை அடுத்த மாஹுல் கரையில் 1950-களின் நடுவே எழுந்து, இன்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்னும் பெயர்களில் நடக்கும் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள், நேர்கோட்டில் அளந்தால் தாராவிக்கு ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் இரா. பாரசீக வளைகுடாவைத் தாண்டி, கடலைத் தாண்டி, ஆலையைத் தாண்டி வந்த திரவம், கடைசி முக்கால் அடியில் ஒரு துருக்கட்டியிடம் தோற்றுப்போகிறது. 'பெட்ரோல் இருக்கிறதா' என்பது ஒரு கேள்வி. 'வருகிறதா' என்பது வேறொன்று. 'கேட்ட வேகத்தில் வருகிறதா' என்பதே நோயறியும் கேள்வி. இதுவே நம் சித்தாந்தம்.

இதனடியாகப் பிறக்கும் பிரயோக முறை, பெட்ரோல் செல்லும் வழியே மேலிருந்து கீழ் நோக்கிச் செல்வது. டாங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்து, மூடியைத் தளர்த்தி ஓட்டினால் நோய் நீங்குமாயின், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. உள்ளே காற்றுப் புகாமல் வெளியே பெட்ரோல் வராது. அடுத்து, டியூபைக் கார்ப்பரேட்டரிலிருந்து உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காக்கைத் திறந்து பார்க்க வேண்டும். தாரை அறுபடாமல் விழுந்தால் நலம், முதலில் பாய்ந்து பின் சொட்டினால் காக்கின் சல்லடையிலோ வடிகட்டியிலோ அடைப்பு. இச்சோதனையின்போது பீடி பிடிப்பவரைச் சபையிலிருந்து விலக்குவதும், இட்லி அடுப்பிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்துவதும் சாஸ்திரத்தின் முதல் விதி. பிறகு மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்தால், தண்ணீர் கலந்திருப்பின் அதன் அடியில் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். 2023 முதல் விற்பனைக்கு வந்த நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து அடியில் தங்கும். ஆகையால் பம்பாய் மழைக்காலத்தில் இரண்டாம் மதத்தாரை முற்றும் தள்ளிவிட இயலாது. கடைசியாக ஜெட். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துவாரம் முழுவட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிடில் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டுமேயன்றிக் கம்பியால் குத்தலாகாது. குத்தினால் அடைப்புப் போகும்; அளவும் போகும்.

2020 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளால் புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் ஒழிந்து இன்ஜெக்டர் வந்துவிட்டதே, இந்நூலால் இனி யாது பயன் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அங்கும் பம்பு உண்டு, வடிகட்டி உண்டு, மெல்லிய துவாரம் உண்டு. பம்பு இரைகிறது என்பதனாலேயே அழுத்தம் போதுமென்று ஆகாது. சித்தாந்தம் மாறவில்லை, டாங்குக்குள் ஊதும் உரிமை மட்டுமே பறிபோயிற்று.

எஞ்சுவது ஒரு பழைய புதிர். தெருவெல்லாம் திணறிய வண்டி மெக்கானிக்கின் முன் மட்டும் சுகமாக ஓடுவது ஏன்? அதை வண்டியின் வஞ்சகம் என்று கருதுவோர் உளர். ஆனால் நடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்குப் பாரமில்லை, ஏற்றமில்லை. எத்தனை முறுக்கினும் அது கேட்கும் பெட்ரோல் சொற்பம். அச்சொற்பத்தை மெலிந்த தாரையும் கொடுத்துவிடும். ஆகவே சோதனை ஸ்டாண்டில் நடக்கலாகாது. மெக்கானிக்கைப் பின்ஸீட்டில் ஏற்றி, இட்லிப் பாத்திரத்தை அவர் மடியில் வைத்து, சயான் மேம்பாலத்தில் முழு முறுக்கில் ஏறிக் காட்டுவதே நிர்த்தோஷமான பிரமாணம். வண்டி திணறினால் நோய் நிரூபணமாயிற்று. திணறாவிட்டால் இட்லி போய்ச் சேர்ந்தது.