கமரா தெரிவாளர்

கமரா தெரிவாளர் என்பவர் சின்னக் கமரா ஒன்றைத் தெரிவு செய்துகொண்டே இருப்பவர், வாங்குபவர் அல்லர். இலங்கையின் வன்னியெங்கும் காணப்படும் இவ்வகையினருக்கு ஓமந்தை நல்ல விளைநிலம். ஏ9 வீதியோரத் தேநீர்க்கடை, புகையிரத நிலைய வாங்கு, கோயில் மண்டபத்தின் பின்வரிசை ஆகியன இவரது வழக்கமான இருப்பிடங்கள். தொழில் எதுவாகவும் இருக்கலாம். கையில் கமரா மட்டும் இருக்காது. அதனால்தான் எல்லாக் கமராவைப் பற்றியும் பக்கஞ்சாராமல் பேச இவரால் முடிகிறது.

இவ்வினம் ஓமந்தையில் பிந்தித் தோன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ரோர்ச் பற்றரிகூடப் போர்க்காலப் பொருளாதாரத் தடைப்பட்டியலில் இருந்த 1990களில் கமராவைத் தெரிவு செய்யும் சிக்கல் எவருக்கும் எழவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தபோதும், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்துக் காட்டிப் போகிற பயணத்தில் கமரா கொண்டுபோவது வினையை விலைக்கு வாங்குவதாகவே கருதப்பட்டது. 2006இல் பியூஜிபிலிம் எப்30 வந்தது. ஆறு மெகாபிக்சல்தான், ஆனால் இருட்டில் ஒழுங்காகப் படம் பிடிக்கும் சின்னக் கமரா என்று பெயரெடுத்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. 2011 மே மாதம் ரயில் ஓமந்தை வரை வந்து நின்றபோது, உலகின் டிஜிட்டல் கமரா வியாபாரம் முந்திய ஆண்டே 12 கோடி கமராக்களைத் தாண்டி உச்சந்தொட்டு இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரிவாளர் தெரிவைத் தொடங்கியது அப்போதுதான். 2013 செப்டெம்பரில் தண்டவாளம் கிளிநொச்சிக்கு நீண்டது. தெரிவு நீளவில்லை.

இவரது அறிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சொல்வதெல்லாம் சரி என்பதுதான் கேட்பவருக்குள்ள தொல்லை.

“அண்ணை, இருபது மெகாபிக்சல் காணுமோ?”

“மெகாபிக்சலைக் கிணத்துக்கை போடு தம்பி. சென்சர் எவ்வளவு பெரிசெண்டு கேள்.”

சாதாரண சின்னக் கமராவின் சென்சர் 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். ஒரு அங்குல வகை எனப்படுவது 13.2க்கு 8.8, பரப்பில் ஏறத்தாழ நாலு மடங்கு. 2012இல் சொனி ஆர்எக்ஸ்100 சட்டைப்பைக்குள் அடங்கும் உடம்பில் இந்தச் சென்சரைக் கொண்டுவந்தபோது தெரிவாளருக்கு உறக்கம் போயிற்று. அந்த அங்குலத்தில் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை. அது பழைய ரெலிவிசன் கமராக் குழாயின் வெளிவிட்டத்தை ஒட்டி வந்த கணக்கு. இதை ஊர்த் தச்சருக்கு விளக்கப் போன தெரிவாளர், ஒரு தேநீரையும் நெடுநாள் மரியாதையையும் இழந்ததாகக் கேள்வி.

லென்ஸ் பற்றியும் ஒரு பாடம் உண்டு. அதே சொனிக் கமரா விரிந்த கோணத்தில் எப்1.8, சூமை முழுதாக இழுத்தால் எப்4.9. உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிவிடும். ஆகவே இரவில் சூமைத் தொடாதே, எழும்பிக் கிட்டப் போ என்பார். தான் எழும்ப மாட்டார். லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் கமரா வன்னிப் புழுதியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், சென்சரில் படிந்தால் கழற்றித்தான் துடைக்க வேண்டும் என்பது, வாங்க இருந்த இருவரைக் கலைத்துவிடும் உபபாடம்.

இவரது புலமை முழுதாக வெளிப்படுவது புதூர் நாகதம்பிரான் கோயில் பொங்கல் இரவில். சனத்துக்குள் நின்று சின்னக் கமராவின் பிளாஷை அடிப்பவர்களைப் பார்த்துத் தலையில் கைவைப்பார். அந்த வெளிச்சம் எட்டுவது சில மீற்றர்தான். படத்தில் அம்சமாக விழுவது முன்னால் நிற்பவரின் பிடரி. பிளாஷை நிறுத்து, மதிலில் கமராவை வை, இரண்டு செக்கன் ரைமரைப் போட்டுக் கையை எடு. இது உண்மையிலேயே நல்ல ஆலோசனை. விலையுயர்ந்த கமராவை விட மதில் பல வேளைகளில் உதவும்.

லண்டன் மச்சான் இவருக்கு அனுப்பிவைக்கும் கமரா முப்பது மடங்கு சூமும் சின்னஞ்சிறு சென்சரும் கொண்டதாகவே அமையும். அதைப் பெட்டியோடு அலுமாரிக்குள் வைப்பது மரபு. விலை இறங்கட்டும் என்பது இவர் வாங்காமைக்குச் சொல்லும் நிரந்தரக் காரணம். 2022 மார்ச்சில் இறங்கியது ரூபாய்: இருநூறு ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் முந்நூற்று அறுபதானது. அதற்கும் தப்பிய நம்பிக்கையை இளசுகள் கெடுத்தார்கள். பழைய சின்னக் கமராக்கள் திடீரென நாகரிகமாகி, பாவித்தவற்றின் விலையும் ஏறியது. 2024இல் வந்த பியூஜிபிலிம் எக்ஸ்100விஐக்குப் பணம் வைத்திருந்தவர்களே வரிசையில் காத்திருந்தார்கள்.

இப்போது இவருக்குப் போட்டி கைத்தொலைபேசி. இரவில் பல படங்களைச் சடசடவென எடுத்து ஒன்றாக அடுக்கித் தருகிறது. தெரிவாளர் இதைக் களவு என வகைப்படுத்துவார். அவர் சொன்னபடியே தொலைபேசியைக் கோயில் மதிலில் சாய்த்துப் பொங்கல் பானையைப் படமெடுத்த பள்ளிக்கூடப் பிள்ளை காட்ட வந்தால், படத்தை விரலால் பெருப்பித்து, இருட்டு மூலையில் மணல் மணலாகத் தெரிவதைத் தேடிப் பிடிப்பார். பிறகு தனக்கும் அனுப்பச் சொல்வார். வட்ஸ்அப்பில் வேண்டாம், தரம் குறைந்துவிடும்.