சோறும் விதைநெல்லும்

கேள்வி: 2025 உலக மகிழ்ச்சிப் பட்டியலில் பின்லாந்துக்கு முதலிடம், நம் இலங்கைக்கு 133ஆம் இடம். நாம் என்ன அவ்வளவு மோசமாகவா வாழ்கிறோம்?
(சொறிக்கல்முனை வாசகர்)

பதில்: அந்தப் பட்டியலுக்காக மக்களிடம் கேட்கப்படும் கேள்வியில் மகிழ்ச்சி என்ற சொல்லே கிடையாது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பத்தாம் படியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த வாழ்க்கை, பூச்சியத்தில் ஆக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இவ்வளவுதான் கேள்வி. நாட்டுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,000 பேரிடம் கேட்டு, மூன்று ஆண்டுச் சராசரி எடுப்பார்கள். 2025 அறிக்கையில் பின்லாந்துக்காரர் ஏழரைக்கு மேலே நின்றார்கள், நாம் நாலை ஒட்டி நின்றோம். அந்த மூன்று ஆண்டுகளில் ஒன்று, நம் பொருளாதாரம் சரிந்த 2022. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற மனிதரிடம் போய் எந்தப் படி என்று கேட்டால், "ஏணியை விற்றுத்தான் காஸ் வாங்க வந்தேன்" என்று சொல்லாமல் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பினாரே, அவருடைய பொறுமைக்குத் தனியாக ஒரு பட்டியல் போடலாம்.

இந்த ஏணிக் கேள்வியைக் கேட்கிற கேலப் நிறுவனத்தின் கணக்கெடுப்பை வைத்து உலகக் கொடைப் பட்டியல் என்று இன்னொன்றும் வந்துகொண்டிருந்தது. கடந்த ஒரு மாதத்தில் முன்பின் தெரியாதவருக்கு உதவினீர்களா, பணம் கொடுத்தீர்களா, உழைப்பைக் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். 2016இல் அதில் இலங்கைக்கு 5ஆம் இடம். மகிழ்ச்சிப் பட்டியலில் அதே ஆண்டும் நூறைத் தாண்டித்தான் நின்றோம். தன் வாழ்க்கைக்கு இவ்வளவு குறைந்த புள்ளி போட்டவர் எப்படி மற்றவருக்கு அள்ளிக் கொடுத்தார்? இரண்டு பட்டியலும் இரண்டு வேறு சரக்கை அளந்தன என்பதே என் கட்சி. நெல்லை வைத்துச் சொல்கிறேன். நம் பக்கத்தில் நெற்பயிருக்கு வேளாண்மை என்று பேர், அதன் பருவத்துக்குப் போகம் என்று பேர். பெரும்போகம், சிறுபோகம். இன்பம் அனுபவிப்பதற்கும் அதே போகம்தான் சொல். பருவத்தோடு வருவது பருவத்தோடு போகும் என்று மொழிக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் சூடடித்து மூட்டை கட்டும்போது ஒரு பங்கை வேறாகக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். அதை அவித்துக் குற்றுவதில்லை, கடனுக்கும் கொடுப்பதில்லை. (இப்போது பலர் விதைநெல்லைக் கடையில்தான் வாங்குகிறார்கள், அது வேறு வழக்கு.) மகிழ்ச்சி சோறு என்றால், வாழ்வின் அர்த்தம் அந்த விதைநெல். ஏணிக் கேள்வி நம் சோற்றுப் பானையை எட்டிப் பார்த்தது. விதைநெல் மூட்டையை அது அவிழ்க்கவே இல்லை.

கேள்வி: "இருப்பதைக் கொண்டு திருப்திப்படு" என்பது ஏழையை ஏழையாகவே வைத்திருக்கிற தந்திரம்தானே?
(சம்மாந்துறை வாசகர்)

பதில்: பல வாய்களில் அது தந்திரமேதான். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. யூரியா இல்லாமல் பெரும்போகம் செய்த அம்பாறை விவசாயியிடம் மனநிறைவைப் பற்றி யாராவது பிரசங்கம் செய்திருந்தால், வரம்பில் கிடந்த மண்வெட்டிக்கு வேறு வேலை வந்திருக்கும். விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள், அந்த நவம்பரில் தடை விலகியது. அங்கே அதிருப்திதான் வேலை செய்தது. பசித்தவன் விதைநெல்லை அவித்துத் தின்றால் குற்றம் அவனுடையதும் அல்ல. "போதும்" என்ற சொல்லைச் சாப்பிட்டவர்தான் சொல்ல வேண்டும். பரிமாறுகிறவர் சொன்னால் அது கஞ்சத்தனம், அரசாங்கம் சொன்னால் கொள்கை. பூட்டானைப் பாருங்கள். தேசிய மகிழ்ச்சிதான் எங்கள் இலக்கு என்று 2008 அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு. ஆனால் 1990களில் நேபாளி பேசும் தன் குடிகளில் ஏறக்குறைய 1,00,000 பேர் அங்கிருந்து விரட்டப்பட்டு நேபாளத்து முகாம்களில் கிடந்தார்கள். அழுகிறவர்களை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டால் மிச்சமிருப்பவர்களின் சராசரி தானாக ஏறும். அதனால், சோற்றுக்குச் சண்டை போடுங்கள் என்றுதான் சொல்வேன். சோறு கிடைத்த பிறகும் ஏன் ஒன்று குறைகிறது என்பதுதான் என்னுடைய கேள்வி.

கேள்வி: பொருள் இருந்தால் வாழ்க்கைக்குப் பொருள் தானாக வந்துவிடாதா?
(கல்முனை வாசகர்)

பதில்: நம் மொழியே இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து உங்களை மயக்கிவிட்டது. இமாம் கஸ்ஸாலியிடம் கேட்போம். 11ஆம் நூற்றாண்டில் பக்தாத் நிஸாமிய்யா மத்ரஸாவில் ஆசிரியர் என்றால் அந்தக் கால ஏணியில் பத்தாம் படி. சம்பளம், புகழ், சுல்தான் தரப்பில் செல்வாக்கு எல்லாம் இருந்தன. 1095இல் அவருக்கு நாக்கு எழும்பவில்லை, பாடம் நடத்த முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பதவியை விட்டுவிட்டுப் பயணம் போனார். பிறகுதான் பாரசீகத்தில் "கீமியாயே சஆதத்" எழுதினார், மகிழ்ச்சியின் இரசவாதம் என்று பொருள். தன்னை அறிவதில் தொடங்கி இறைவனை அறிவதில் முடிகிற மகிழ்ச்சி அது. அது பெரிய மகானின் கதை, நமக்குப் பொருந்துமா என்பீர்கள். சரி, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ எடுங்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். தப்பியவர்களுக்காகப் பள்ளிக்கூடத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் அடுப்பு மூட்டியவர்களில், அந்தக் கடலுக்கே சொந்தங்களைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். ஏணியைக் காட்டியிருந்தால் பூச்சியம் என்றிருப்பார்கள். ஆனால் சோற்றுப் பார்சல் சுற்றும் கை ஓயவில்லை. எதற்காக உயிரோடிருக்கிறோம் என்ற சந்தேகம் அந்தக் கைக்கு அன்று இருந்திருக்காது. எனக்குத் தெரிந்தவரை உங்கள் இரண்டாவது பொருள் இதுதான்: நம்மை நம்பி ஓர் உலை காத்திருப்பது.

கேள்வி: மனிதன் எதற்காகப் பிறந்தான்? ஒரு வரியில் பதில் வேண்டும்.
(மருதமுனை வாசகி)

பதில்: ஒரு வரியில் சொல்லக்கூடியதாக இருந்தால் கஸ்ஸாலி அத்தனை பக்கம் எழுதியிருப்பாரா, தங்கச்சி?

கேள்வி: எல்லாம் சரி, நான் பேசாமல் பின்லாந்துக்கே போய்விடட்டுமா?
(நிந்தவூர் வாசகர்)

பதில்: தாராளமாகப் போங்கள். போகிற மாதத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வட்டைகளில் பெரும்போக வேளாண்மை பச்சையாக நிற்கிற டிசம்பரில், பின்லாந்தின் வடகோடியிலுள்ள உட்ஸ்யோக்கியில் சூரியன் மறைந்து சில நாளாகியிருக்கும். ஒருமுறை மறைந்தால் அது திரும்ப எழும்ப ஏறக்குறைய 50 நாள் ஆகும்.