மறைமலை நகரில் பிறந்த வண்டி

கேள்வி: எங்களிடம் 2016-இல் வாங்கிய ஃபோர்டு எக்கோஸ்போர்ட் இருக்கிறது. "கம்பெனியே மூடியாச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்கிறார் மைத்துனர். விற்றுவிடலாமா?
- வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: வாங்கப்போவது அதே மைத்துனரா என்று முதலில் விசாரியுங்கள்!

உங்கள் வண்டிக்குத் தாய்வீடு பக்கத்திலேயே, ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர். ஃபோர்டு இந்தியாவுக்கு முதலில் வந்தது 1926-இல். 1950-களில் போய்விட்டு, 1995-இல் மஹிந்திராவோடு கைகோத்துத் திரும்பியது. எஸ்கார்ட் வந்தது, பெரிதாக எடுபடவில்லை. 1999-இல் வந்த ஐகான்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஓட்டியவர்கள் இன்றும் அதன் ஸ்டியரிங்கையும் சாலைப் பிடிப்பையும் பேசுவார்கள். கூடவே உதிரிபாக விலையையும்!

2022 ஜூலையில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் கடைசி கார் வெளியே வந்தது. அதுவும் எக்கோஸ்போர்ட்தான். அதற்கு முன் நியாயமான இழப்பீடு கேட்டு வாரக்கணக்கில் போராடிய தொழிலாளர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. அவர்கள் கைபட்ட வண்டி உங்களுடையது.

2025 அக்டோபரில் அதே ஆலையில் 3,250 கோடி ரூபாயில் இன்ஜின் தயாரிக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது ஃபோர்டு. அந்த இன்ஜின்கள் 2029-இல் வரும். சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று மூடும்போதே சொல்லியிருந்தார்கள்.

ஆகவே விற்காதீர்கள். டைமிங் பெல்ட்டை மட்டும் கையேட்டில் சொன்ன தவணையில் மாற்றிவிடுங்கள்.