ஜூலை மாத மேதை

ஜூலை மாதத்தில் நான் சொன்ன எதுவும் பொய்த்ததில்லை. இங்கிலாந்தில் அப்போது லீக் ஆட்டமே கிடையாது. பொய்ப்பதற்கு வழி ஏது? மைதானம் காலியாகக் கிடக்கும் அந்தக் கோடையில் கால்பந்து கிளப்புகள் ஆள் வாங்கும், ஆள் விற்கும். டிரான்ஸ்ஃபர் விண்டோ என்று அதற்குப் பெயர். என் அணி ஆர்சனல் யாரை வாங்கினாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மார்க் போடுவது என் கோடைக்கால உத்தியோகம். சம்பளம் கிடையாது. போடச் சொல்லிக் கேட்டவர்களும் கிடையாது.

என் மேதைமைக்குச் சான்றாக 2019 கோடையை எடுத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் ஆர்சனல் வாங்கியவர்களில் மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். பிரேசிலில் இட்டுவானோ என்ற சின்ன கிளப்பிலிருந்து 18 வயது கேப்ரியல் மார்ட்டினெல்லி. விலை சுமார் 60 லட்சம் பவுண்டு. பிரான்ஸின் செயின்ட் எட்டியனிலிருந்து, அதே 18 வயதில், வில்லியம் சாலிபா. சுமார் 2 கோடியே 70 லட்சம். வாங்கிய கையோடு, இன்னும் ஒரு வருஷம் அங்கேயே ஆடட்டும் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் லீல் கிளப்பின் நிக்கோலா பெப்பே. 7 கோடியே 20 லட்சம் பவுண்டு. அதுவரை ஆர்சனல் எவருக்கும் கொடுத்திராத தொகை.

மார்ட்டினெல்லிக்கு நான் மார்க்கே போடவில்லை. பெயரைப் படித்ததோடு சரி. சாலிபா விஷயத்தில் கடும் கோபம். தடுப்பாட்டம் ஓட்டையாய் ஒழுகும்போது, வாங்கிய தடுப்பாட்டக்காரரைத் திருப்பி அனுப்பும் நிர்வாகத்தின் அறிவை அலசி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கட்டுரை நீளத்துக்கு எழுதினேன். பெப்பேவுக்கு நூற்றுக்கு நூறு.

ஆதாரம் இல்லாமலா நூறு போடுவேன்? முந்தைய சீசனில் பிரெஞ்சு லீக்கில் அவர் போட்டது 22 கோல். அதில் 9 பெனால்டி என்று எங்கேயோ எழுதியிருந்தது. அந்த வரியை வேகமாகக் கடந்துவிட்டேன். யூடியூபில் அவருடைய தொகுப்பு வீடியோவும் பார்த்தேன். வலது ஓரத்தில் பந்தை வாங்குவார், உள்ளே வெட்டுவார், எதிராளி ஒருவர் தரையில் உட்காருவார், இடது காலால் மூலையைப் பார்த்துச் சுருட்டிவிடுவார். பின்னணியில் டமடமவென்று இசை. தொகுப்பு வீடியோவில் எவரும் பந்தைப் பறிகொடுப்பதில்லை என்ற உண்மை, இத்தனை வயதாகியும் எனக்கு உறைக்கவில்லை. லீல் எதிர்த்தாக்குதலில் வாழ்ந்த அணி. பெப்பேவுக்கு முன்னால் ஓட இடம் கிடந்தது. ஆர்சனலோடு மோத வரும் சின்ன அணிகளோ மொத்தப் பேரையும் பின்னால் நிறுத்திக் கதவடைக்கும். இடமே இல்லாத இடத்தில் அந்த இடது கால் என்ன செய்யும் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நான் யோசித்ததெல்லாம் ஜெர்சியின் முதுகில் 19 என்ற எண் எப்படி இருக்கும் என்பதைத்தான்.

ஜெர்சியும் வாங்கினேன். அசல் கட்டுபடியாகவில்லை, ஒரு கடையில் பெயரும் எண்ணும் அச்சடித்துக்கொண்டேன். பெப்பே மொத்தம் 112 ஆட்டங்களில் 27 கோல் போட்டார். எஃப்.ஏ. கோப்பை ஒன்றும் வென்றார். ஆள் மோசமில்லை, விலைதான் மோசம். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பதால் கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகையை ஆண்டுக்கு 1 கோடியே 44 லட்சமாகப் பிரித்து எழுதவேண்டும். ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அந்த வரி எழுந்து நிற்கும். 2023இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு துருக்கிக்குப் போனார். மார்க்கே வாங்காத மார்ட்டினெல்லி முதல் சீசனிலேயே பத்து கோல் போட்டார். அதில் ஒன்று, செல்சியின் மைதானத்தில் தன் பாதியிலிருந்து தன்னந்தனியாக ஓடிப்போய் அடித்தது. சாலிபா 2022 ஆகஸ்டில்தான் முதன்முதலாக ஆர்சனலுக்காக லீக்கில் இறங்கினார். இறங்கிய பிறகு அந்தத் தடுப்பாட்டத்தில் அவரைக் கேட்காமல் எதுவும் நடக்கவில்லை. என் ஜெர்சி இப்போது ஒட்டடை அடிக்கும் நாட்களில் மட்டும் வெளியே வருகிறது.

ஒருமுறை தவறியவன் அடுத்தமுறை அடக்கமாக இருப்பான் என்பார்கள். 2021 ஆகஸ்டில் ஆரன் ராம்ஸ்டேல் வந்தார். கோல்கீப்பர். 2020இல் போர்ன்மவுத்தோடு லீக்கிலிருந்து கீழிறங்கியவர். 2021இல் ஷெஃபீல்ட் யுனைடெட்டோடு மறுபடி கீழிறங்கியவர். அவருக்கு 2 கோடியே 40 லட்சம் பவுண்டா என்று உலகம் முழுவதும் ஆர்சனல் ரசிகர்கள் கொதித்தார்கள். வசவு தாங்காமல் அந்தப் பையன் தன் சமூக வலைதளப் பக்கத்தில் மறுமொழிகளையே கட்டுப்படுத்த வேண்டிவந்தது. நான் நேரடியாக வையவில்லை. என் பாணி வேறு. அவர் விட்ட கோல்களைத் தேடியெடுத்து, கை எங்கே தவறியது என்று குழுவில் பாடம் நடத்தினேன். அக்டோபர் கடைசியில் லெஸ்டருடனான ஆட்டத்தில் மேடிசன் அடித்த ஃப்ரீ கிக்கை ராம்ஸ்டேல் பறந்து போய்த் தட்டிவிட்டார். குழுவில் எவரும் எதுவும் சொல்லவில்லை. என் பாட வீடியோக்களில் ஒன்றை மட்டும் யாரோ எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் என் மானம் பாதியாவது மிஞ்சியிருக்கும். 2023இல் பிரென்ட்ஃபோர்டிலிருந்து டேவிட் ராயாவைக் கொண்டுவந்து ராம்ஸ்டேலை உட்காரவைத்தார்கள். நான் வெகுண்டெழுந்தேன். எங்கள் ராம்ஸ்டேலுக்கு அநீதி! எவரை வேண்டாம் என்றேனோ அவருக்காகவே கொடி பிடித்து, வந்தவர் வேண்டாம் என்றேன். அந்த சீசனில் 16 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாமல் காத்து, தங்கக் கையுறை விருதை வாங்கிக்கொண்டு போனார் ராயா.

இந்த வரலாற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் என் மதிப்பெண் முறை எனக்கே பிடிபட்டது. பார்க்காத ஆளுக்குத் தாராளம், பார்த்த ஆளுக்குக் கஞ்சத்தனம். ராம்ஸ்டேல் கோல் விட்டதை வாராவாரம் பார்த்திருந்தேன், அதனால் ஃபெயில். பெப்பே பந்தைத் தொலைத்ததை ஒருநாளும் பார்த்ததில்லை, அதனால் நூறு. அறிவு கூடக்கூட மதிப்பெண் குறைந்தது. அறியாமைக்கு ஒரு தலைகால் தெரியாத பெருந்தன்மை இருந்தது.

2011 ஆகஸ்ட் 31ஆம் தேதியும் இப்படித்தான். மூன்று நாள் முன்புதான் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று உதை வாங்கியிருந்தோம். அன்று விண்டோ மூடியது அங்கே இரவு 11 மணிக்கு. நமக்கு விடிகாலை 3.30. அன்று ராஜகுமாரன் ஒருவன் வருவான் என்று விழித்திருந்தேன். வந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் பெர் மெர்ட்டசாக்கர். நெட்டையானவர், ஓட்டத்தில் மந்தம் என்பது ஊரறிந்த சேதி. இன்னொருவர் எவர்ட்டனில் ஆறு வருஷமாக நாங்கள் பார்த்துச் சலித்த, 29 வயது மிக்கேல் ஆர்டெட்டா. ‘இவர் வந்து என்ன மாற்றிவிடப் போகிறார்?’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். ஆர்டெட்டா பிறகு அணித்தலைவரானார். 2019 டிசம்பரில் பயிற்சியாளராகத் திரும்பி வந்து கிளப்பையே மாற்றினார். மெர்ட்டசாக்கர் கிளப்பின் இளையோர் அகாடமிக்குத் தலைவரானார். நான் மட்டும் மாறாமல் இருந்தேன்.

எவ்வளவு மாறாமல் என்றால், 2023 கோடையில் அதே ஆர்டெட்டா செல்சியிலிருந்து 6 கோடியே 50 லட்சத்துக்குக் காய் ஹாவர்ட்ஸை வாங்கியபோதும் அதே கேள்வியைக் கேட்கும் அளவுக்கு. 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டவர் ஹாவர்ட்ஸ். அதைச் சௌகரியமாக மறந்துவிட்டு, செல்சியில் அவர் தவறவிட்டவற்றை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். செப்டம்பர் கடைசிவரை அவருக்கு கோல் விழவில்லை. போர்ன்மவுத்துடனான ஆட்டத்தில் ஒரு பெனால்டி கிடைத்தபோது, சக ஆட்டக்காரர்களே பந்தை அவர் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். இரக்கப்பட்டுக் கொடுத்த கோல் என்று அதற்கும் கழிவு போட்டேன். அந்த சீசன் முடிவில் லீக்கில் அவர் கணக்கு 13 கோல். அதில் இரண்டு, பழைய வீடான செல்சியை 5-0 என்று சுருட்டிய ஆட்டத்தில் வந்தவை. ‘வாக்கா வாக்கா’ மெட்டில் ரசிகர்கள் அவருக்கொரு பாட்டு கட்டினார்கள். அதன் கேலியெல்லாம் அவருக்கு அல்ல, பணம் வீணாய்ப்போனது என்று புலம்பிய எங்களுக்குத்தான். கூட்டத்தோடு கூட்டமாக நானும் டிவி முன்னால் பாடினேன். கேலிக்கு ஆளானவனே கோரஸ் பாடுவதில் உள்ள சுகம் தனி.

பார்க்காதவர்களைவிடவும் உயர்ந்த வகுப்பு ஒன்று என் ஏட்டில் உண்டு: வராதவர்கள். அதில் முதல் மாணவர் லூயிஸ் சுவாரஸ். 2013 கோடையில் லிவர்பூலிடம் அவரைக் கேட்டு ஆர்சனல் சொன்ன தொகை 4 கோடியே ஒரு பவுண்டு. 4 கோடியைத் தாண்டி யாராவது கேட்டால் விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக ஆர்சனல் நம்பியது. அதனால்தான் நாம் மொய் எழுதுவதுபோல அந்த ஒன்று. ஆஹா, என்ன ராஜதந்திரம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கினேன். சுவாரஸுக்கு எந்த இடத்தில் யார் பந்து கொடுப்பார்கள் என்று படம்கூட வரைந்தேன். லிவர்பூலின் முதலாளி, இவர்கள் என்னத்தைப் புகைக்கிறார்கள் என்ற தொனியில் ட்விட்டரில் கேட்டுவிட்டு ஆளை விட மறுத்தார். அடுத்த சீசனில் சுவாரஸ் லிவர்பூலுக்காகவே 31 லீக் கோல்கள் போட்டார். அந்தக் கணிப்பு ஒன்றுதான் நான் நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னது. அணியின் பெயர் மட்டும் தவறிப்போனது.

ஒரு மனுஷன் கிளப் மாறும்போது மாறுவது சட்டை மட்டுமல்ல. மொழி, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பக்கத்தில் ஆடுகிறவரின் ஓட்ட வேகம் என்று எல்லாமே புதிது. பயிற்சியாளர் அவரை எங்கே நிறுத்தப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது. டென்னிஸ் பெர்க்காம்ப் 1995இல் 75 லட்சம் பவுண்டுக்கு வந்தபோது முதல் ஏழு ஆட்டங்களில் கோல் இல்லை. லண்டன் பத்திரிகைகள் கிழித்தன. 1999இல் வந்த தியரி ஆன்றியை யுவென்டஸ் ஓரத்தில் ஓடவிட்டிருந்தது; ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கும் முதல் எட்டு ஆட்டங்கள் வெறுங்கை. இருவருக்கும் வழி திறந்தது சவுத்தாம்ப்டனுடனான செப்டம்பர் ஆட்டத்தில்தான். ஆன்றி கடைசியில் 228 கோல்களோடு கிளப்பின் கோல் சாதனையைத் தாண்டிப் போனார். அந்த இரண்டு ஆகஸ்டுகளிலும் என் கையில் கைப்பேசியும் அதில் ஒரு குழுவும் இருந்திருந்தால் இருவரையும் ஃபெயில் ஆக்கியிருப்பேன். ஆர்சனல் அதிர்ஷ்டம் செய்த கிளப்.

இவ்வளவு புரிந்த பிறகும் ஜூன் பிறந்தால் கை துறுதுறுக்கிறது. ஃபாப்ரிசியோ ரொமானோ என்ற இத்தாலியப் பத்திரிகையாளர் ‘ஹியர் வீ கோ’ என்று மூன்று சொல் எழுதினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். அதற்காக ராத்திரி சாப்பாடு ஆறுகிறது. லூட்டன் விமான நிலையத்தில் இறங்கும் தனி விமானத்தை ஃபிளைட் ராடாரில் பின்தொடர்ந்து, அதில் எங்கள் ஸ்ட்ரைக்கர் இருக்கிறார் என்று குழுவில் முரசறைந்திருக்கிறேன். அதில் யார் வந்தார்களோ, அவர்களுக்கு என் அன்பு.

குழுவில் ஒரு நண்பர் மட்டும் என் மார்க்கைப் பயன்படும் பொருளாக மாற்றிவிட்டார். 2025 கோடையில் கேட்டார்: “மச்சி, இந்த வருஷம் யாரைத் திட்டப்போற? முன்னாடியே சொல்லிடு, அவன் பேர்ல ஜெர்சி அடிக்கணும்.” நான் நோனி மதுவேக்கே என்றேன். செல்சியில் பார்த்திருந்தேனே! அவர் வேண்டாம் என்று ரசிகர்கள் மனு போட்டு, மைதானத்துச் சுவரில் கிறுக்கிய நேரம் அது. நண்பருக்கு மகிழ்ச்சி. ஆகஸ்டில், எங்கள் பரம எதிரி டாட்டன்ஹாம் கிட்டத்தட்ட வாங்கி முடித்திருந்த எபெரெச்சி ஈசேயை ஆர்சனல் நடுவில் புகுந்து தூக்கியது. சிறுவயதில் ஆர்சனல் அகாடமியே வேண்டாமென்று அனுப்பிய பையன். பார்த்திருந்தும் நூறு போட்டேன். எதிர்வீட்டிலிருந்து எடுத்துவந்த ருசி அப்படி. நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார்: “போச்சு, அவனும் காலி.”

நவம்பரில் பயர்ன் மியூனிக்குடனான ஆட்டத்தில் மதுவேக்கே கோல் போட்டார். நண்பரின் சூத்திரம் பலித்தது. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பு, அதே டாட்டன்ஹாமை எதிர்த்து ஈசே ஹாட்ரிக் அடித்திருந்தார். நண்பர் கொதித்துப்போய் அழைத்தார். சரியாகச் சொல்லத்தான் தெரியவில்லை என்றால், தப்பாகவாவது ஒழுங்காகச் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றார். அவர் கேட்டது நியாயம். தொடர்ந்து தப்பாகச் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும்.