எது முந்துதோ அது

அந்தக் காயிதத்தக் கொண்டா இங்க, மருமவனே. கண்ணாடி வேண்டாம். பெரிய எழுத்துல போட்டிருக்கதெல்லாம் எனக்கு இங்கயிருந்தே தெரியுது. ‘நிம்மதி’ன்னு போட்டிருக்கான், ‘குடும்பம்’னு போட்டிருக்கான், ஒரு பிள்ளை பல்லு தெரியச் சிரிக்குது. கீழ என்னமோ எறும்பு ஊருத மாதிரி ஓடுதே, அதுக்குத்தான் கண்ணாடி வேணும். உங்க அத்தகிட்ட வாங்கிட்டு வா. அப்படியே எனக்கு ஒரு காப்பியும்.

சோரூம்ல உன்னய எத்தன தடவ ‘சார்’னு சொன்னாவ? எண்ணலியா? உங்கய்யா உன்னய ஒரு நாளும் மரியாதயாக் கூப்பிட்டதில்ல, அதான் சொக்கிட்ட. எட்டு லட்ச ரூவா வண்டிக்கு ஒரு பொழுது பூரா பேரம் பேசி, காலுக்குப் போடுத மேட்டும் ஒரு பிள்ளையார் பொம்மையும் ஓசியா வாங்கின வீரன் நீ. அதே மேசையில ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி, இன்னும் 2 வருசம், 20,000 சார்’னதும் வாயடைச்சுப் போயி, ‘மாமாகிட்ட கேட்டுச் சொல்லுதேன்’னு எந்திரிச்சு வந்திருக்க. அன்னைக்கு நீ செஞ்சதுல அது ஒண்ணுதான் புத்தியுள்ள காரியம்.

நான் கழுகுமலை மாட்டுத்தாவணியில மாடு பிடிச்சவன். துண்டுக்குள்ள கைய விட்டு, விரலப் பிடிச்சு வெல பேசுவான் தரகன். பல்லப் பாப்போம், சுழியப் பாப்போம், வண்டியில பூட்டி ஒரு நடை ஓட்டிப் பாத்துட்டுத்தான் பாக்கி ரூவா. ‘மாடு படுத்துக்கிட்டா?’ன்னு கேட்டா, ‘நான் பொறுப்பு’ம்பான். எது வரைக்கும் பொறுப்பு? தாவணி கலையுத வரைக்கும். ஆனா ஒண்ணு சொல்லணும். ‘மாடு அருமையான மாடு, நாலாவது வருசம் படுத்துக்கிட்டா அதுக்குத் தனியா இப்பவே துட்டக் குடு’ன்னு எந்தத் தரகனும் கேட்டதில்ல. அன்னைக்கு அந்த அளவுக்கு அறிவு வளரல.

கம்பெனிக்காரன முழுசா வையவும் முடியாது. முத வாரண்டிய வண்டியோட சேத்துத்தான் தாரான். மாருதி 2024 சூலை வரைக்கும் 2 வருசம், இல்ல 40,000 கிலோமீட்டர்னு குடுத்தான். அப்புறம் 3 வருசம், 1,00,000 கிலோமீட்டர்னு ஆக்கிட்டான். டொயோட்டாவும் அதே கணக்குதான். கடைசியில ஒரு சொல்லு ஒட்டியிருப்பான் பாரு: ‘எது முந்துதோ அது’. மொத்தச் சூட்சுமமும் அந்த மூணு வார்த்தையிலதான் இருக்கு.

நீ வருசத்துக்கு எவ்வளவு ஓட்டுவ? வேலைக்கு ரயில்ல போற. மாமியார் வீடு சாத்தூரு. திருச்செந்தூருக்கு ரெண்டு தடவ, நாலு கல்யாணம், ஒரு காதுகுத்து. எப்படி இழுத்துக் கூட்டினாலும் 5,000 கிலோமீட்டர் தாண்டாது. அந்த 1,00,000 உனக்கு வந்து சேர 20 வருசம் ஆகும். மிச்ச நாளெல்லாம் வண்டி வேப்பமரத்தடியில நிக்கும்; காக்கா எச்சத்துக்கு வாரண்டி கெடையாது. உனக்கு முந்துறது வருசம். தீப்பெட்டி ஆர்டர் பிடிக்க வாரத்துக்கு ரெண்டு தடவ மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் ஓடுதவன் இருக்கானே, அவனுக்கு முந்துறது கிலோமீட்டர். அவன் கூட வாங்குத வருசத்த மட்டும் பாத்தாப் போதாது, கூட எத்தன கிலோமீட்டர்னு பாக்கணும். இல்லைன்னா வாரண்டி காயிதத்துல உசுரோட இருக்கும், வண்டியில செத்திருக்கும்.

கண்ணாடி வந்துட்டா? குடு. இப்ப எறும்ப வாசிப்போம்.

கிளச்சு பிளேட்டு கெடையாது. பிரேக் பேடு கெடையாது. வைப்பர் ரப்பர், பல்பு கெடையாது. டயருக்கு டயர்க்காரன்கிட்ட போ, பேட்டரிக்கு பேட்டரிக்காரன்கிட்ட போ. கலப்பட பெட்ரோல் போட்டா கெடையாது. சர்வீசு தவறினா கெடையாது. அடுத்து இருக்கு பாரு, நம்ம ஆளு: எலி. எங்க அண்ணன் மவன் புது வண்டிய வைக்கப்படப்புக்குப் பக்கத்துல நிப்பாட்டியிருந்தான். ஒரே ராத்திரியில ஒயரப் பூரா பலகாரம் மாதிரித் தின்னுட்டு. கொண்டு போனா, ‘எலி கடிச்சதுக்கு வாரண்டி கெடையாது சார்’னுட்டான். இவன் விடல, ‘ஒயரு உன் கம்பெனி ஒயருதானே’ன்னான். ‘ஒயரு எங்களுது, எலி உங்களுது’ன்னானாம் அவன். அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குச் சிரிப்பு அடங்கல. வண்டி இன்சூரன்சுல கொஞ்சம் கெடச்சுது, அது வேற கதை. நீ பானெட்டுக்குள்ள ரெண்டு புகையிலைக் காம்பக் கட்டிப் போடு.

இன்சூரன்சுன்னதும் மொகம் மலருது உனக்கு. ‘பம்பர் டு பம்பர் போட்டிருக்கேனே மாமா, பெறவு வாரண்டி எதுக்கு?’ எய்யா, அது வேற, இது வேற. நீ கொண்டு போயி மொட்டினா இன்சூரன்சு. அது தானா மொடங்கினா வாரண்டி. 2018 செப்டம்பர்ல இருந்து புதுக் காருக்கு 3 வருசத்துக்குத் தேர்டு பார்ட்டிய மொத்தமா வாங்கிருதான். உன் வண்டிக்கு அதுல ஒரு ஆணி கூட வராது, நீ மொட்டினவனுக்குத்தான் அது. 2023 டிசம்பர் மழையில தூத்துக்குடியில காரெல்லாம் மெதந்துச்சே, தண்ணி வடியுமுன்ன சாவியத் திருகிப் பாத்தவனுக்கெல்லாம் எஞ்சின் போச்சு. வாரண்டிக்காரன் கிட்டயே வர மாட்டான். இன்சூரன்சுல எஞ்சினுக்குன்னு தனியா ஒண்ணு சேத்துப் போட்டிருந்தாத்தான் பேச்சு.

அப்ப வாரண்டி எதுக்குத்தான் ஆகும்? ஆகும். ஏசி கம்ப்ரசரு, ஸ்டீயரிங் மோட்டாரு, மூளைன்னு ஒரு பொட்டி வச்சிருக்கானே, அது, அப்புறம் நீ சினிமாப் பாட்டுப் போட்டுத் தடவுத அந்தக் கண்ணாடி. ஒவ்வொண்ணும் ஒரு கன்னுக்குட்டி வெல. ஆட்டோமேட்டிக் கியரு, டர்போன்னு வாங்கினவன் கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். அதுல ஒண்ணு போனா காப்பாத்துறது இந்தக் காயிதம்தான். நீ வாங்கியிருக்கது கையால கியரு போடுத சாதா பெட்ரோலு. செய்யும்போதே இருந்த கோளாறு பெரும்பாலும் முத மூணு வருசத்துலயே தலையக் காட்டிரும். தேஞ்சு போறதுக்கு உன்னைய மாதிரி ஓட்டினா பத்து வருசம் ஆகும். நீ காசு கட்டுறது நடுவுல கெடக்க ரெண்டு வருசத்துக்கு. சந்தையில பேரம் முடிஞ்ச பெறவு கயித்துக்குத் தனியா துட்டுக் கேட்ட மாதிரி இருக்கு எனக்கு.

‘இன்னைக்கே எடுத்தாத்தான் இந்த ரேட்டு’ன்னானா? அது அவனுக்கு மாசக் கடைசி, உனக்கு இல்ல. பெரும்பாலும் முத வாரண்டி முடியுறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்; தள்ளத் தள்ள ரேட்டு ஏறும், அவ்வளவுதான். ‘லோன்லயே சேத்துருதேன் சார், தெரியவே தெரியாது’ன்னும் சொல்லியிருப்பான். 20,000 ரூவாய 9 வட்டியில 7 வருசத்துக்குக் கட்டிப் பாரு, 27,000 வருது. வாரண்டி அஞ்சாம் வருசம் கண்ண மூடிரும். அதுக்குப் பெறவு ரெண்டு வருசம் நீ கருமாதிச் செலவு கட்டுவ. அந்த 20,000லயும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மூவாயிரத்துச் சொச்சம் பாதி சென்னைக்கும் பாதி டெல்லிக்கும் போவுது.

எடுத்தா யாரு பேருல இருக்குன்னு பாரு. கார் கம்பெனியே குடுக்கதா, இல்ல கடைக்காரன் வேற எவன்கிட்டயோ வாங்கி விக்குதானா? கம்பெனியோடதுன்னா கன்னியாகுமரியில நின்னாலும் காசியில நின்னாலும் அவன் ஒர்க்ஷாப்புல பாப்பான். கைய விரிச்சான்னா நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணு. 2 வருசத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயும் போடலாம்; 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கெடையாது.

அப்ப எடுக்கவா, வேண்டாமான்னு முழிக்க. உன் யோக்கியத எனக்குத் தெரியும். செல்போனு ஒரு வருசம், பைக்கு மூணு வருசம். இந்தக் காரும் நாலாவது வருசம் தாண்டாது. நாலாவது வருசத்துலதான் இந்த 20,000 ரூவா வாரண்டியே கண்ணு முழிக்கும். உனக்கு அடுத்து வாங்குதவனுக்கு நீ மொய் எழுதுத, அவ்வளவுதான். கை மாறினா ஒரு கட்டணத்தக் கட்டி அவன் பேருக்கு மாத்திக்கிடலாம்.

நல்லா யோசிச்சுட்டேன் மருமவனே. நீ எடுத்துரு. லோன்ல வேண்டாம், ரொக்கமாக் கட்டு. 10,000 கிலோமீட்டரோ ஒரு வருசமோ, எது முந்துதோ, கம்பெனி ஒர்க்ஷாப்புல சர்வீசு தவறக் கூடாது. பில்லையெல்லாம் ஒரு பையில போட்டு வை. ஒயர வெட்டி பாட்டு ஆரனு, கலர் லைட்டுன்னு எதாவது மாட்டின, கைய ஒடிச்சுருவேன். புகையிலைக் காம்ப மாசா மாசம் மாத்து.

நாலாவது வருசம் தைப் பொங்கலுக்கு வண்டி எனக்கு. வாரண்டியில பேரு மாத்துத கட்டணமும் உன்னோடதுதான்.