மாப்ளைக்கு உளி பிடிச்சிருக்கு

வாங்க மாப்ள. முன்ன மாதிரி "வாடா"ன்னு கூப்பிட முடியாதுல்ல, ஆசாரியாகிட்டீராம்ல. ஒங்கம்மா போன்ல சொல்லுச்சு: "தம்பி, ஒம் மருமகன் பால்கனியில ஒரு துண்டு காயப்போட எடம் வைக்கல, பூராம் கட்டையும் மிஷினுமாக் கெடக்கு"ன்னு. எனக்குச் சந்தோசந்தான். லேப்டாப்பத் தட்டுற கை உளியத் தட்டுனா என்ன கொறஞ்சு போச்சு?

மொதமொத வாங்குன சாமானத்தப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தியே, பாத்தேன். ரூட்டரு, ஜிக்ஸா, ட்ரில்லு ரெண்டு, சாண்டரு, உளி, தூசிய உறிஞ்சுறதுக்கு ஒண்ணு, காதுல மாட்ட ஒண்ணு, கண்ணுல மாட்ட ஒண்ணு. எல்லாம் இருந்துச்சு, மரத்தத்தான் காணோம். கேட்டதுக்கு, அது அடுத்த மாசச் சம்பளத்துலன்னு சொன்ன.

ஒங்க தாத்தா காலத்துல நம்ம வீட்டுக்கு வேலைக்கு வந்த ஆசாரி ஒரு சாக்குப் பையோட வருவாரு. ரம்பம், இழைப்புளி, நாலஞ்சு உளி, கொட்டாப்புளி, மூலமட்டம், சாணைக்கல்லு. அம்புட்டுத்தான் சொத்து. கிளாம்பு எங்கன்னு கேக்குறியா? அவரு காலு ரெண்டுந்தான் கிளாம்பு. திண்ணையில உக்காந்து கட்டைய மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு இழைப்பாரு. நீ அத முயற்சி பண்ணாத, ஒம் பேண்ட்டு தாங்காது.

அந்தப் பையில அவரு ரொம்பத் தொட்டது எதுன்னு நெனைக்கிற? சாணைக்கல்லு. நீ உளிய வாங்குன, கல்ல வாங்கல. பெட்டியிலருந்து எடுத்த மேனிக்கு எந்த உளியும் வெட்டாது மாப்ள, கடைக்காரன் குடுக்குறது உளிக்கு உண்டான இரும்பு மட்டுந்தான். தட்டையா இருக்குற பக்கத்தக் கல்லுல படுக்க வச்சுத் தேய்ச்சு, நுனியில ஒம் மொகம் தெரியணும். சரிவுப் பக்கத்த 25லருந்து 30 டிகிரிக்குள்ள நிறுத்தித் தீட்டணும். தீட்டிட்டு முன்னங்கை முடிய வழிச்சுப் பாரு. "ஏங்க, ஒங்களுக்கு இடது கையில மட்டும் முடியே இல்ல"ன்னு ஒம் பொண்டாட்டி கேக்க ஆரம்பிச்சா தொழில் கைக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். கூர் கெட்ட உளிய வேகம் குடுத்துத் தள்ளுறப்பத்தான் அது வழுக்கி அடுத்த கையில ஏறும். ஆஸ்பத்திரியில தையல் போடுறவனுக்கு இது ரொம்ப நல்லாத் தெரியும்.

மரவாடிக்குப் போனா வாயத் தொறக்காத. நீ பேசுனா அவன் விலையக் கூட்டிருவான். "ஒரிஜினல் பர்மா சார்"ம்பான், தலைய மட்டும் ஆட்டு. பர்மாக்காரன் உருட்டுக் கட்டைய வெளிய அனுப்புறத 2014 ஏப்ரல்லயே நிறுத்திட்டான். அறுத்த சட்டமா வேணா வரும். செட்டிநாட்டு வீடுகள்ல தூணா நிக்கிதே, அந்தச் சரக்கு வேணும்னா காரைக்குடிப் பக்கம் இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிறவங்களத்தான் பாக்கணும். இப்ப தேக்குன்னு அடுக்கி வச்சிருக்கதுல கானாவும் ஈக்வடாரும் நெறையக் கெடக்கு. அதுவும் தேக்குதான், கொற சொல்லல. ஆனா வெரசா வளத்து வெட்டுன கட்டையில வெளிறு சாஸ்தி. நடுவுல தேன் நெறத்துல இருக்கது வைரம், ஓரத்துல வெளுத்துப் போயிருக்கது வெளிறு. கரையானும் வண்டும் மொதப் பந்திக்கு உக்கார்றது வெளிறுலதான். சில பேரு அதுமேல சாயத்தத் தடவி வச்சிருப்பான். பலகையத் தூக்கி வெட்டுமுகத்தப் பாரு, அங்க பூச மறந்துருப்பான்.

அது போக, தேக்க வச்சா எழுத்துப் பழகுவாங்க? வேம்பு இருக்கு, பூவரசு இருக்கு, மா இருக்கு. அதுல கெடுத்துப் பழகு. கெட்டுப்போனா அடுப்புக்காவது ஆகும்.

காசு மிச்சம் பண்றேன்னு பேலட்டுப் பலகையப் பிரிச்சு எடுக்குறியாம். அது புத்திசாலித்தனந்தான். ஆனா அதுல கோதுமைக் கதிர் போட்டு ஒரு முத்திரை குத்தியிருக்கும், அதப் படி. "ஹெச்டி"ன்னு இருந்தா, கட்டையோட நடு வரைக்கும் 56 டிகிரி சூடேத்தி அரை மணி நேரம் வச்சது. எடுத்துக்க. "எம்பி"ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது. அதுல பிள்ளைக்குத் தொட்டில் செய்யாத, எடுக்கவே எடுக்காத. கெழவனுக்கு எப்பிடிடா தெரியும்னு முழிக்கிறியா? தூத்துக்குடி ஹார்பர்ல லோடுக்குக் காத்துக் கெடந்த காலத்துல, படிக்கிறதுக்கு வேற என்ன இருந்துச்சு எனக்கு?

அளவுக்கு வருவோம். நீ மில்லிமீட்டர்ங்குற, ஆசாரி நூலும்பாரு. இஞ்சுக்கு எட்டு நூலு. ரம்பம் சும்மா போகாது மாப்ள, போற வழியில மரத்தத் தின்னுக்கிட்டுத்தான் போகும். ஒம் வட்ட ரம்பம்னா கிட்டத்தட்ட ஒரு நூலு திங்கும். நீ என்ன பண்ணுன? ஆறடிப் பலகையில ஒண்ணரை அடிக்கு ஒரு கோடுன்னு ஒரே மூச்சுல கோட்டப் போட்டு வெட்டித் தள்ளிட்ட. மொதத் துண்டு சரியா இருந்துச்சு, மிச்சம் மூணும் ஒரு நூல் கட்டை. ஒடனே டேப்பு தப்புன்னு டேப்ப மாத்துன. ஒண்ண வெட்டு, அதுக்கப்புறம் அடுத்ததுக்குக் கோடு போடு. கோடு பலகையிலயே நிக்கணும், ரம்பம் கழியிற பக்கம் ஓடணும். சட்டத்தக் கூட்டுனதும் மூலைக்கு மூலை குறுக்க அளந்து பாரு. ரெண்டு அளவும் ஒண்ணா வந்தாத்தான் அது சதுரம். வரலைன்னா பசை காயிறதுக்குள்ள நெட்டித் தள்ளு, காஞ்ச பொறவு "இது டிசைன்"னு சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான்.

இப்ப அந்த டீப்பாய்க் கதை. ஒம் பொண்டாட்டி சொல்லிச் சிரிச்சுச்சு. நான் சிரிக்கல, மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டேன். ஐப்பசி அடைமழையில பலகைய வாங்கியாந்து, அந்த வாரமே நாலு பலகைய ஒட்டி ஒண்ணரை அடி அகலத்துல மேல்பலகை செஞ்சு, அடியில இருக்க சட்டத்தோட பசையும் தடவி வரிசையா ஸ்க்ரூவும் முடுக்கிட்ட. தைக்கும் மாசிக்கும் சும்மா இருந்துச்சு. சித்திரையில ஏசியப் போட்டுக் கதவச் சாத்துனியா, நடு ராத்திரியில "டப்"புன்னு ஒரு சத்தம். திருடன்னு லைட்டப் போட்டா, டீப்பாய் நெஞ்சுல நீட்டுக்கு ஒரு வெடிப்பு. பசை கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு சொன்னியாம். பசை பாவம்டா. குனிஞ்சு பாரு, ஒட்டுன எடம் ஒட்டுன மாதிரியே இருக்கும். அதுக்குப் பக்கத்துல மரம் கிழிஞ்சிருக்கும்.

மரம் வெட்டுப்பட்ட பொறவும் தண்ணி குடிக்கிறத விடாது. காத்துல ஈரம் ஏறுனா அகலவாக்குல வீங்கும், காஞ்சாச் சுருங்கும். நீளவாக்குல ஒன்னால அளக்குற அளவுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு அடி அகலத் தேக்குப் பலகை பச்சையிலருந்து காயிறதுக்குள்ள கால் இஞ்சுக்கு மேலகூடச் சுருங்கும். இம்புட்டுக்கும் தேக்கு அடக்கமான சாதி. மேல்பலகை அகலத்துல சுருங்கப் பாக்குது, அடியில இருக்க குறுக்குச் சட்டம் நீளத்துல அசைய மாட்டேங்குது, ரெண்டையும் நீ ஸ்க்ரூ போட்டுப் பிடிச்சு வச்சிருக்க. வெடிக்காம என்ன செய்யும்? இஞ்சு கனத்துக்கு ஒரு வருசம்னு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. நெழல்ல, பலகைக்குப் பலகை நடுவுல குச்சி வச்சு, காத்துப் போக அடுக்கிக் காயப்போடணும். கல்யாணத்துக்கு நாலு வருசம் பொண்ணு பாத்தவனுக்கு, ஒரு பலகைக்கு நாலு மாசங்கூடப் பொறுக்க முடியல.

நம்ம வீட்டு வாசக்கதவ எத்தன தடவ ஒதச்சுத் தொறந்திருப்ப, என்னைக்காவது நின்னு பாத்திருக்கியா? சுத்தி இருக்க சட்டத்துலதான் கழுந்தும் துளையுமா இறுக்கம். நடுவுல இருக்க பலகை காடிக்குள்ள சும்மா நிக்கிது. பசை கிடையாது, ஆணி கிடையாது. கோடையில உள்ள சுருங்கிக்கும், மழையில வீங்கிக்கும், சட்டத்துக்கு ஒரு வலியும் இல்ல. ஒன் டீப்பாய்க்கும் அதே வித்தைதான். சட்டத்துல ஸ்க்ரூவுக்குப் போடுற ஓட்டைய, பலகை சுருங்குற தெசையில கொஞ்சம் நீட்டமாப் போடு. ஸ்க்ரூ நகந்துக்க எடம் வேணும். மேல்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவுல பசை வேண்டவே வேண்டாம்.

பசைன்னு வந்ததும் வஜ்ஜிர ஞாபகம் வருது. ஃபெவிகால் 1959ல வந்தது. அது நம்மூருக்கு வந்து சேர்ற வரைக்கும் ஆசாரி வஜ்ஜிரந்தான் காய்ச்சுவாரு. மாட்டுத் தோலுல எடுக்குற பசை. தண்ணிச் சட்டிக்குள்ள இன்னொரு சட்டிய வச்சு உருக்குவாரு, நாத்தம் தெருக்கோடி வரைக்கும் போகும். ஆனா அதுல ஒரு நன்மை. தப்பா ஒட்டுனா வெந்நியக் காட்டிப் பிரிச்சிரலாம். ஒன் வெள்ளைப் பசைகிட்ட அந்தக் கருணை கிடையாது. அப்புறம், நீ டீப்பாய்க் காலோட வெட்டுமுகத்துல பசையத் தடவி நட்டு வச்சியே, அது நிக்காது. வெட்டுமுகம் பசைய உறிஞ்சிரும். அதுக்குத்தான் கழுந்து வெட்டுறது. கிளாம்பு பத்தலைன்னா கயித்தச் சுத்திக் கட்டி, நடுவுல குச்சியக் குடுத்து முறுக்கு.

இழைக்கிறப்ப நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து இழை. எதுத்துப் போனா பூனைய வாலுலருந்து தலைக்குத் தடவுன கதைதான். உப்புத்தாளும் அப்பிடித்தான், நாரோட போகணும். 80, 120, 180, 220ன்னு படிப்படியா. நீ 80லருந்து நேரா 220க்குத் தாவிட்டு பாலிஷப் பூசிப்புட்ட. கீறல் எல்லாம் இப்ப பளபளன்னு தெரியுது.

அந்த ஸ்டூல் விசயம் கேக்கவே கூடாதுன்னு இருந்தேன். ஆடுதுன்னு ஒரு காலுல கொஞ்சம் அறுத்தியாம், அப்புறம் எதுத்த காலுல, அப்புறம் மறுபடி மொதக் காலுல. ஏறி நின்னு பரண்ல சாமான் எடுக்கச் செஞ்ச ஸ்டூலு, இப்ப ஒங்கம்மா உக்காந்து கீரை ஆயிற பலகையா இருக்கு. பழி யாரு மேல? டைல்ஸ் போட்டவன் மேல! ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். நான் சொல்றபடி செய்யி. அடுப்படி கிரானைட்டு மேடை மட்டமா இருக்கும், அதுமேல ஸ்டூல நிறுத்து. ஆடுற காலுக்கடியில அட்டையச் சொருகி மேல்பலகைய ரசமட்டத்துக்குக் கொண்டா. ஒரு சின்னக் கட்டைத் துண்டுமேல பென்சிலப் படுக்க வச்சு, அந்த ஒசரத்துலயே நாலு காலையும் சுத்திக் கோடு இழு. கோட்டுல அறு. ஒரே தடவைதான்.

ஒண்ணு மட்டும் கேலி இல்லாமச் சொல்றேன். அந்த நாலு இஞ்சு கிரைண்டர்ல மரம் அறுக்குற பிளேடப் போட்டு வச்சிருக்க பாரு, அதக் கழட்டி எறி. நிமிசத்துக்குப் பதினோராயிரம் சுத்து சுத்துது. பல்லு மரத்துல மாட்டுன நொடியில மிஷின் ஒன்னையப் பாத்துத்தான் எகிறும். மரம் அறுக்குற மில்லுல வேலை பாத்த பழைய ஆளுகளுக்குக் கை குடுத்துப் பாரு, நான் ஏன் சொல்றேன்னு புரியும். தேக்குத் தூசி சில பேருக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும், மூக்க மூடிக்க.

மூஞ்சியத் தொங்கப்போடாத. ஒனக்கு ஒரு ஆர்டர் தர்றேன். எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது, ஒரு முக்காலி வேணும். ஒண்ணரை அடி ஒசரம், உக்கார்ற எடம் ஒரு அடி வட்டம். கொல்லையில ஓட்டுக்கடியில பூவரசம் பலகை நாலு வருசமாக் காஞ்சு கெடக்கு, எடுத்துட்டுப் போ. காலு மூணையும் கொஞ்சம் வெளிய சாச்சு வை, இல்லாட்டி ஓரமாச் சாஞ்சதும் கவுத்து விட்டுரும். மூணு காலுங்கறதால எந்தத் தரையிலயும் ஆடாது. அதனாலதான் நாலு காலு கேக்கல, ஒன்னைய எனக்குத் தெரியும். தீபாவளிக்குள்ள கொண்டா. அதுல ஒரு ஸ்க்ரூ என் கண்ணுல பட்டாலும் திருப்பி அனுப்பிருவேன், பஸ் செலவு ஒன்னோடது.