ரொட்டி உண்டு, தடவ எதுவும் இல்லை!

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். பிறகும் பணம் கேட்பது பேராசை இல்லையா?

பதில்: முதலில், எல்லோருக்கும் முழு உதவித்தொகை கிடைப்பதில்லை. இரண்டாவது, பேராசை யாருக்கு? கல்லூரி விளையாட்டை நிர்வகித்து, தொலைக்காட்சி உரிமையில் கோடிகளைக் குவித்த என்சிஏஏ அமைப்பு, வீரர்களுக்குச் சிற்றுண்டியாகப் பேகல் ரொட்டி தரலாம் என்றது. அதில் சீஸ் தடவித் தந்தால், 2013 வரை விதிமீறல்! 2014-இல் கூடைப்பந்து நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பசியோடு படுக்கிறேன் என்றார். நாடே முகம் சுளித்தது. சில வாரங்களில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு போயிற்று.

‘மாணவ வீரர்’ என்ற சொல்லையே 1950-களில் அந்த அமைப்பு புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, அடிபட்டவர் தொழிலாளியாகி இழப்பீடு கேட்டுவிடக் கூடாதே என்றுதான். வீரர்களுக்கான படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு விதித்தது தவறு என்று, 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அதன் காதைத் திருகினார்கள். அதே ஆண்டு, வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம்.

இத்தனை காலமும் பயிற்சியாளர் வாங்கியது லட்சக்கணக்கான டாலர் சம்பளம். ‘விளையாட்டைப் பணத்துக்காக ஆடக் கூடாது’ என்ற உபதேசம் மட்டும் மாணவனுக்கு!